மதுரை பத்தின பழைய ரெக்கார்டு எங்கெங்க கிடைக்கும்

மதுரையில ஒரு தெரு, ஒரு கண்மாய், ஒரு பள்ளிக்கூடம் பத்தி பழைய பேப்பர் வேணும்னா நிறைய பேர் நேரா கார்ப்பரேஷன்லதான் போய் நிக்கிறாங்க. ஊரோட பேப்பர் ஊர்லயே இருக்கும்னு இல்லங்க, எழுதுனவங்க கையிலதான் இருக்கும், அதனால எந்த ஆபீஸ் எந்த வருஷம் இதப் பத்தி எழுதியிருக்கும்னு மொதல்ல யோசிங்க.

வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க பேப்பர்னா எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்க போய் "மதுரை பத்தி இருக்கறத குடுங்க"ன்னா ஒண்ணும் நடக்காது, டிபார்ட்மென்ட் வாரியா வருஷ வாரியா இண்டெக்ஸ் இருக்கும், அதுல ஜி.ஓ. (அரசாணை) நம்பரும் தேதியும் புடிச்சு எழுதிக் குடுத்தாதான் கட்டு வெளிய வரும். நிலம், கண்மாய்னா ரெவின்யூ, சாக்கடை மார்க்கெட் மாதிரி முனிசிபாலிட்டி (1866ல வந்தது) விவகாரம்னா லோக்கல் அண்ட் முனிசிபல் டிபார்ட்மென்ட் இண்டெக்ஸப் பாருங்க. இங்கிலீஷ் இண்டெக்ஸ்ல ஊர் பேரு 'மதுரா'தான், மதுரைன்னு தேடிட்டு இல்லன்னு திரும்பிடாதீங்க. ராமநாதபுரம், சிவகங்கை பக்கமும் 1910 வரைக்கும் மதுரா ஜில்லாதான், திண்டுக்கல்லு 1985 வரைக்கும்.

ரயில் ஏறுறதுக்கு முன்னாடி, வெள்ளைக்கார அதிகாரிங்க மதுரா ஜில்லா பத்தி எழுதுன ரெண்டு புஸ்தகம், நெல்சனோட 1868 மேனுவலும் பிரான்சிஸோட 1906 கெசட்டியரும், நெட்ல ஓசியிலயே கிடைக்குது, படிச்சிருங்க, அடிக்குறிப்பையும் சேத்து. கோட்டைச்சுவர இடிச்சு வெளி வீதி போட்ட கதை வேணும்னு வைங்க, அந்தக் கலெக்டர் பிளாக்பர்ன் பேரும் 1840கள்ங்கற காலமும் கையில இருந்தா தேடுற இண்டெக்ஸ் நாலஞ்சா சுருங்கிடும் (நம்ம விளக்குத்தூணே அவரு ஞாபகமா வச்சதுதான்!).

நாயக்கர் காலம்னா சர்க்கார் பைல் ஏது, அதுக்கு சேசு சபை (கத்தோலிக்க) சாமியாருங்க எழுதுன கடிதங்க இருக்கு, கொடைக்கானல் பக்கம் செண்பகனூர்ல அவங்க காப்பகம், முன்கூட்டியே லெட்டர் போட்டு பர்மிஷன் வாங்கிட்டுப் போறது நல்லது. 1834ல வந்த அமெரிக்கன் மிஷன் (கிறிஸ்தவ மிஷனரி) ஆளுங்க தலைமைக்கு அனுப்புன கடிதம் ரிப்போர்ட்டெல்லாம் அமெரிக்கால ஹார்வர்டு யுனிவர்சிட்டியோட ஹோட்டன் (Houghton) லைப்ரரி வரைக்கும் போயிருச்சு, பழைய பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி பத்தி தேடுறவங்களுக்கு அதுதான் புதையல். தமிழ்ல அச்சான பழைய புஸ்தகம் பத்திரிகைன்னா தரமணி ரோஜா முத்தையா லைப்ரரி, வீட்டுலேர்ந்தே பாக்கணும்னா தமிழ் மின்னூலகம்ங்கற வெப்சைட்.

எங்க போனாலும் ஐடி கார்டு, எதுக்குத் தேடுறீங்கன்னு ஒரு லெட்டர் கையில வச்சுக்கங்க, போன்ல படம் எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடுங்க. ஒவ்வொரு படத்துக்கும் ஜி.ஓ. நம்பர், டிபார்ட்மென்ட், தேதி அங்கயே குறிச்சிருங்க, இல்லன்னா மறுபடி அதே இண்டெக்ஸத்தான் மொதல்லேர்ந்து புரட்டணும்.