மோனை பிடித்து ஆங்கிலச் சொல் சேர்ப்பது எப்படி?

"சீரும் சிறப்பும்", "பேரும் புகழும்", "கண்ணும் கருத்தும்" என்ற இணைகளில் முதல் சொல்லைச் சொன்னதும் அடுத்தது தானாக நாக்கில் வந்து விழும். முதலெழுத்து ஒன்றி வருவதே காரணம். நம் செய்யுளில் இதற்கு மோனை என்று பெயர். ஆங்கிலத்திலும் 'சேஃப் அண்ட் சவுண்ட்', 'ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்', 'டூ ஆர் டை' எல்லாம் இதே வகை. மறந்துபோன ஒரு பெயரைத் தேடும்போதுகூட முதலெழுத்தைப் பிடித்துத்தான் தேடுகிறோம். இந்தப் பிடியை வைத்து ஆங்கிலச் சொற்களைச் சேர்க்கலாம். ஆனால் அகராதியை எடுத்து ஏ-யிலிருந்து வரிசையாக மனப்பாடம் செய்யத் தொடங்காதீர்கள். வாழ்க்கையில் ஒருமுறையும் வாயில் வராத சொற்களே அங்கே வரிசையாக நிற்கும். பத்து நாளில் சலித்துவிடும்.

எந்த எழுத்தில் தொடங்குவது? உங்களைச் சுற்றி அதிகமாகக் கிடக்கும் எழுத்தில். குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அது சி. கடற்கரை கோஸ்ட், தேங்காய் கோகனட், அதன் காய்ந்த பருப்பு கொப்ரா, தும்பு என்னும் தேங்காய் நார் காயர், கொல்லாங்கொட்டை என்னும் முந்திரி கேஷ்யூ, கிராம்பு குளோவ், கடலின் நீரோட்டம் கரண்ட், 2017-இல் வந்த ஒக்கி சைக்ளோன். கன்னியாகுமரியின் பழைய ஆங்கிலப் பெயரான கேப் கொமரினில் வரும் கேப்பும் இதே எழுத்துதான். கேட்டமரான் நம் கட்டுமரமேதான். காயரும் கொப்ராவும் மலையாளத்திலிருந்து போனவை. குளோவ் என்ற பெயர், ஆணியைக் குறிக்கும் 'குளூ' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு கிராம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், தலையோடு ஒரு குட்டி ஆணி இருக்கும். இப்படி ஒரு பொருளோடு கட்டிப்போட்ட சொல் லேசில் அவிழாது.

இனி நோட்டு. 120 பக்க நோட்டு ஒன்று போதும். எழுத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு சில எழுத்துகளுக்கு அதிகம் தேவைப்படும், எஸ்-க்கு எட்டுப் பக்கம் விடுங்கள். ஆங்கிலத்தில் அதிகச் சொற்கள் தொடங்கும் எழுத்து அதுதான். சொல்லுக்கு நேராக உச்சரிப்பு, தமிழ்ப் பொருள், நீங்களே எழுதிய ஒரு வாக்கியம், இந்த மூன்றும் இருக்க வேண்டும். அகராதி வாக்கியத்தைப் பார்த்து எழுதினால் கை மட்டும்தான் வேலை செய்யும். அன்றைய சொற்களில் இரண்டையாவது ஒரே வாக்கியத்தில் கொண்டுவாருங்கள்: 'தி கரண்ட் புல்ட் தி போட் அவே ஃப்ரம் தி கோஸ்ட்.' நீரோட்டம் படகைக் கரையிலிருந்து இழுத்துப் போயிற்று.

ஒரு வாரம் முழுவதும் ஒரே எழுத்து: நாளுக்கு 5 சொல், வாரத்தில் 5 நாள். சனி, ஞாயிறு புதுச் சொல் வேண்டாம். படித்த சொல்லை அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் திருப்பிப் பாருங்கள். திருப்புவது என்றால் ஆங்கிலச் சொல்லை மூடிவிட்டுத் தமிழ்ப் பொருளைப் பார்த்துச் சொல்வது. திறந்த பக்கத்தை ஐந்து முறை வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றும். பேச வாய் திறந்தால் ஒன்றும் வராது. தவறியதற்கு ஒரு புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி விழுந்த சொல்லுக்கு வேறு வாக்கியம் எழுத வேண்டும், பழைய வாக்கியம் மனதில் பதியவில்லை என்று பொருள்.

எங்கே தவறும்? முதல் தடுக்கல் சி-யிலேயே இருக்கிறது. சைக்ளோனில் அது 'ஸ' ஒலி, கோஸ்டில் 'க' ஒலி. பின்னால் இ, ஐ, ஒய் வந்தால் பெரும்பாலும் ஸ: செமென்ட், சினமன், சைக்ளோன். ஏ, ஓ, யு வந்தால் க. எச் சேர்ந்தால் பெரும்பாலும் ச: சர்ச், சில்லி. ஆனால் கெமிஸ்டிலும் கிரானிக்கிலும் எச் இருந்தும் க-தான். ஆகவே சி பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்.

எழுதப்பட்டும் ஒலிக்காத முதலெழுத்து அடுத்தது. கத்தியைக் குறிக்கும் நைஃப், முழங்காலைக் குறிக்கும் நீ இரண்டும் கே-யில் தொடங்குபவை. ரைட் என்றால் எழுது, ரிஸ்ட் என்றால் மணிக்கட்டு. இவை டபிள்யூவில் தொடங்கும். மணிநேரத்தைக் குறிக்கும் அவர் என்ற சொல்லில் எச் வாய்மூடி நிற்கிறது. அதனால்தான் 'ஆன் அவர்', ஆனால் 'எ யூனிவர்சிட்டி'. எ, ஆன் இரண்டையும் தீர்மானிப்பது காதில் விழும் ஒலி.

நமக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, அதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கிளியைக் குறிக்கும் பேரட்டின் பி-யும் பந்தைக் குறிக்கும் பாலின் பி-யும் தமிழில் ஒரே எழுத்து. உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்தால் முதுகு, பை, மூட்டை கட்டுதல் மூன்றும் கிட்டத்தட்ட 'பேக்' ஆகிவிடும். தேங்காய்க் கொப்ராவும் பாம்புக் கோப்ராவும் அப்படித்தான் மயங்கும். ஒரு விரல் அகலத்துக்குத் தாளைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். பேரட், பென், பேப்பர் என்று சொல்லும்போது காற்று பட்டுத் தாள் துள்ள வேண்டும். பால், பேபி, பஸ் என்னும்போது அசையக்கூடாது. நம் 'ப' காற்றில்லாமல் வருவதால், பழகாத ஆங்கிலேயர் காதுக்கு நாம் சொல்லும் பேரட்டின் முதலொலி பாலின் பி பக்கம் சாய்ந்துவிடும். விளவங்கோடு, மார்த்தாண்டம் பக்கம் மலையாளம் எழுதத் தெரிந்தவர்கள் உச்சரிப்பை மலையாள எழுத்திலேயே குறிக்கலாம். அதில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. இரண்டு பி-க்களையும் அடுத்தடுத்த வாரங்களில் எடுக்காதீர்கள், நடுவில் வேறு ஓர் எழுத்தாவது போகட்டும்.

'வ'-வுக்கும் இதே கதை. வி என்றால் மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும்; டபிள்யூ என்றால் உதடு குவிய வேண்டும். முப்பந்தலில் வரிசையாகச் சுழல்பவை உதடு குவிந்த விண்ட்மில்கள்.

ஒரே எழுத்தில் தொடங்கி முகச்சாயலும் ஒத்த சொற்களை ஒரே நாளில் படித்தால் இரண்டும் கலங்கும். கான்ஷியஸ் சுயநினைவு, கான்ஷியன்ஸ் மனச்சாட்சி. நடுவில் ஐ வரும் காம்ப்ளிமென்ட் பாராட்டு, இ வருவது குறையை நிரப்புவது. ஒன்றை முதலில் உறுதியாக்கி, ஒரு வாரம் கழித்து மற்றதைத் தொடுங்கள்.

நர்சிங் முடித்து வெளிநாட்டுத் தேர்வு எழுதுபவர்கள் டி-யில் தொடங்கினால் உடனே பயன் தெரியும்: டோஸ், டிரிப், டிரெஸ்ஸிங், டிஸ்சார்ஜ். அதிலும் டிஸ்ஸி தலைசுற்றல், டிரௌஸி தூக்கக் கலக்கம். நோயாளி ஒன்றைச் சொல்ல நீங்கள் மற்றதைக் குறித்தால் ஆபத்து, ஆகவே இவற்றையும் வெவ்வேறு வாரத்தில் படியுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் அந்த வாரத்து எழுத்தில் தொடங்கும் பெயர்ப்பலகைகளை மட்டும் பாருங்கள்: கிளினிக், கேட்டரிங், கான்வென்ட், செராமிக். தெரியாததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. கடிகாரத்தில் 2 நிமிடம் வைத்து, அந்த எழுத்தில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தவற்றுக்கு மட்டும்தான் கணக்கு. க்யூ, எக்ஸ், ஒய், இசட் நான்கையும் சேர்த்து ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். க்யூ-வுக்குப் பின் ஏறக்குறைய எப்போதும் யு வரும் என்பதை மட்டும் பக்கத்தின் தலையில் எழுதி வையுங்கள்.