அலைன்மென்ட் கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள்

ஆடி பாதி போனால் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிகள் ஓய்ந்துவிடும். நான் கணக்கு எழுதும் மண்டியிலும் அப்படித்தான். அதன் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் காலி கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, ஆறு பேர் உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. கதையை நடத்தும் டிஎம் நான். புதிதாக வரும் பிள்ளைகள், தங்கள் பாத்திரத்தின் விவரம் எழுதும் கேரக்டர் ஷீட்டைக் கையில் வாங்கியதும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அலைன்மென்ட்ல என்ன போடறது?"

அந்த ஆளின் குணம் எந்தப் பக்கம் என்று எழுதும் கட்டம் அது. அதை இப்போது விட்டுவிடு, கடைசியில் போடலாம் என்பேன். இனம், வகுப்பு (போர்வீரனா, திருடனா என்பது), ஊர், யாரிடம் வளர்ந்தான், யாருக்குக் கடன்பட்டிருக்கிறான் எல்லாம் முடியட்டும். லாஃபுல் குட், கேயாட்டிக் ஈவில் என்பது போல் அந்தக் கட்டத்துக்கு உள்ள ஒன்பது பெயரில் ஒன்றை முதலிலேயே எழுதிவிட்டால், அப்புறம் அந்தப் பெயருக்கு நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே மனுஷனைக் காணோம்.

1974-இல் இந்த ஆட்டம் முதலில் வந்தபோது லா (ஒழுங்கு), நியூட்ரல் (நடு), கேயாஸ் (கட்டுக்கு அடங்காமை) என்று மூன்றே பக்கம் இருந்தன. குட் (நல்லது), ஈவில் (கெட்டது) என்ற இன்னொரு கோடு அதன் பிறகு சேர்ந்தது. இரண்டையும் குறுக்காகப் போட்டால் ஒன்பது கட்டம். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் அந்த ஒன்பதும் உண்டு. 2008 பதிப்பில் ஐந்தாகக் குறைத்தார்கள், 2014-இல் ஒன்பதும் திரும்பி வந்தன. இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு கோடும் வெவ்வேறு காலத்தில் வந்த, வெவ்வேறு கேள்விகள். ஒன்றின் பதிலை மற்றதில் எழுதக் கூடாது.

லாஃபுல் என்றதும் நம் பிள்ளைகளுக்குச் சட்டம், போலீஸ், நீதிமன்றம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அங்கேதான் கோளாறு. மண்டியில் பாருங்கள். தோப்புக்காரரிடம் பூவிலேயே வாயால் விலை பேசிவிட்டு வருகிறார்கள், கையெழுத்து கிடையாது. காய் இறங்கும் நேரத்தில் விலை ஏறிவிட்டாலும் பேசிய விலைக்கே கொடுப்பவர் லாஃபுல். "அன்னைக்குப் பேசினது அன்னைக்கு, இன்னைக்கு நிலைமை வேற" என்பவர் கேயாட்டிக். இரண்டாமவர் கெட்டவர் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மகள் கல்யாணம் இருக்கலாம். முதலாமவர் நல்லவர் என்றும் சொல்ல முடியாது. ஆக, முதல் கோட்டுக்கு நான் கேட்கும் கேள்வி: கொடுத்த சொல், பெரியவர் கட்டளை, ஊர் வழக்கம் இவை உன் ஆளை எவ்வளவு தூரம் கட்டும்?

இரண்டாவது கோட்டுக்கு வேறு கேள்வி: அவன் ஆசைப்பட்டது கிடைக்க, சுமை யார் தலையில் இறங்குகிறது? தன் தலையில் வாங்கிக்கொள்பவன் குட். தன் வீடு, தன் கூட்டாளிகளுக்காக மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றவர் பாடு அவரவர் பாடு என்பவன் நியூட்ரல். அடுத்தவன் தலையில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவன் ஈவில்.

லாஃபுல் ஆனவன் குட்டாகவும் இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை உடைக்க, பிள்ளைகளைத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களைப் பார்த்துவரச் சொல்வேன். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். கல்வெட்டில் மாட்டு மந்தைக்குத் 'தொறு' என்று பெயர். மீட்கப் போனவன் ஒருவன் இருந்தால், கவர வந்தவன் ஒருவனும் இருந்தான் அல்லவா? அவன் வெட்சிப் பூ சூடி, தன் தலைவன் ஏவி வந்தவன். அவன் ஊரில் அவனும் வீரன்தான். ஏவலை மீறாதவன், ஆகவே லாஃபுல். ஆனால் சுமை இறங்கியது மாட்டுக்காரன் தலையில். அவனுக்கு எந்தக் கட்டம் என்று எழுதிப் பாருங்கள். கை சும்மா நின்றுவிடும். அந்த நிற்கும் நேரம் ரொம்ப முக்கியம்.

கர்ணனை வைத்து எங்களுக்குள் ஒரு ஞாயிறு முழுக்கத் தகராறு. நான் லாஃபுல் நியூட்ரல் என்றேன். குந்தியே வந்து அழைத்தும் துரியோதனனை விட்டு நகராதவன், ஆகவே லாஃபுலில் சந்தேகமில்லை. ஆனால் பாஞ்சாலியைச் சபையில் அவமானப்படுத்திய கூட்டத்தில் அவனும் இருந்தான், அந்தச் சுமையை அவள் சுமந்தாள், அதனால் குட் என்று எழுத மனம் வரவில்லை. எடை போடும் பெரியவர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாலக்கோட்டுப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். "செஞ்சோத்துக் கடன் தீத்தவனுக்கு நடுவாந்தரம்னு எழுதுறியாம்மா? கேக்கிறது இந்திரன்னு தெரிஞ்சே கவசத்த அறுத்துக் குடுத்தான். அது யார் தலையில எறங்குன சுமை?" என்றார். என் கேள்வியை எனக்கே திருப்பிவிட்டார். நான் இன்னும் நியூட்ரல் பக்கம்தான், ஆனால் அவர் சொன்னதையும் தள்ள முடியவில்லை. ஆளின் கதை தெரிந்தால்தான் இப்படிச் சண்டை போட முடியும். உங்கள் கேரக்டருக்காகவும் யாராவது இப்படி வாதாட வேண்டும்.

கதை எழுதி முடிந்ததும் மூன்று சூழ்நிலை சொல்வேன். காவிரியில் வெள்ளம் ஏறுகிறது, பரிசலில் ஆறு பேருக்குத்தான் இடம், கரையில் பத்துப் பேர். உன் ஆள் என்ன செய்கிறான்? தப்பிக்க மாட்டேன் என்று காவலாளியிடம் சத்தியம் செய்திருக்கிறான், விடிந்தால் நண்பனுக்குத் தூக்கு, என்ன செய்கிறான்? உன் ஆள் கொன்ற எதிரியின் மடிப்பையில் கொஞ்சம் காசும், அவன் அம்மாவுக்கு எழுதிய கடிதமும் கிடைக்கின்றன. இரண்டையும் என்ன செய்கிறான்? யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும். காசை எடுத்துக்கொண்டு கடிதத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்றாள் ஒருத்தி. அந்த ஒரு பதிலில் அவளுடைய ரோக், அதாவது திருட்டுக் கைகாரி, முழுசாக எழுந்து வந்துவிட்டாள். கேயாட்டிக் நியூட்ரல் என்று எழுதினோம், குட் பக்கம் ஒரு சிறிய அம்புக்குறியோடு.

கேயாட்டிக் நியூட்ரல் எடுப்பவர்களிடம் ஒன்று கட்டாயம் கேளுங்கள்: கூட வரும் மற்றவர்களோடு உன் ஆள் ஏன் நடக்கிறான்? இதைக் கேட்காமல் விட்டதால் எங்கள் பார்ட்டி, அதாவது கதைக்குள் சேர்ந்து நடக்கும் குழு, ஒன்று கலைந்தே போனது. ஒரு பையன் கூட இருப்பவர்களின் பையிலேயே திருடினான், தூங்கும்போது குதிரையை அவிழ்த்துவிட்டான். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான் பண்ணுவான்" என்றான். கேயாட்டிக் ஆளுக்கும் காரணம் உண்டு, பாசம் உண்டு. ஈவில் எடுப்பவருக்கும் இதே கேள்விதான், கூடுதலாக அவன் எந்த விலைக்கும் காட்டிக்கொடுக்காத ஒரு ஆளின் பெயரும் வேண்டும். பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கேரக்டரை நான் சேர்ப்பதில்லை.

டிஎம்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பதிப்புகளில் அலைன்மென்ட் மாறினால் தண்டனை உண்டு. பேலடின் என்ற புனித வீரர் லாஃபுல் குட்டிலிருந்து நழுவினால் சக்தியையே இழப்பார். நானும் ஆரம்பத்தில் அப்படி நடத்தினேன். சரணடைந்தவனைக் கொன்ற ஒரு பேலடினிடமிருந்து, எல்லார் முன்னாலும் சக்தியைப் பிடுங்கினேன். சரணடைந்தவனோ அந்தப் பேலடினின் தங்கையைக் கொன்றவன். ஆடிய பெண் ஒன்றும் பேசவில்லை, அடுத்த இரண்டு மாதம் வரவும் இல்லை. தப்பு என்னுடையது. அந்தக் கொலையைச் செய்தபோது அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன், பார்த்தும் புத்தகத்தைப் புரட்டினேன். 2014 விதிகளில் அலைன்மென்டைத் தொடும் இடங்கள் மிகக் குறைவு. பேலடினைக் கட்டுவது அவர் எடுத்த சபதம்தான். அதனால் இப்போதெல்லாம் பென்சிலால்தான் எழுதவைக்கிறேன். நாலு ஆட்டத்துக்கு ஒரு முறை தனியாகக் கூப்பிட்டு, "உன் ஆள் இன்னும் அதே ஆள்தானா?" என்று கேட்கிறேன்.

கட்டத்தில் பெயரை எழுதிய பிறகு, பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் 'தவிர' என்ற சொல் இருக்க வேண்டும். "லாஃபுல் நியூட்ரல்: கொடுத்த சொல்லை மீறமாட்டான், தம்பி விஷயத்தைத் தவிர." ஷீட்டை என்னிடம் கொடுத்ததும் நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். அடுத்த ஞாயிறு அந்தத் தம்பி ஆட்டத்துக்குள் வந்துவிடுவான்.