நாயின் எடையைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்கு எடை கூடிவிட்டது என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் பெரும்பாலானோர் இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள்: நடையைக் கூட்டுகிறார்கள், தட்டில் போடும் உணவைக் கண்ணளவில் சற்றுக் குறைக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துத் தராசில் ஏற்றினால் எடை அப்படியே இருக்கிறது. பழி நாயின் சோம்பல் மீதோ அதன் இனத்தின் மீதோ விழுகிறது. இப்படித் தோற்றுப்போன முயற்சிகளைப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் அளக்காமல் விட்ட ஏதோ ஒன்று இருக்கும். அது உணவாக இருக்கலாம், இடையிடையே தரும் தின்பண்டமாக இருக்கலாம், நாயின் எடையாகவே கூட இருக்கலாம்.

எடை கூடியிருப்பதை ஒப்புக்கொள்ளாமல் காலம் கடத்துவதுதான் முதல் தவறு. தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் உருவம் சிறிது சிறிதாகப் பெருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ரோமம் அடர்ந்த இனங்களில் புதிதாகப் பார்ப்பவர்களுக்கும் தெரியாது. ஆகவே கையால் தடவிப் பார்ப்பதே சரியான வழி. ஒரு கையை விரித்து, புறங்கையில் விரல் எலும்புகளை மறு கையால் வருடிப் பாருங்கள்; நாயின் விலாவைத் தடவும்போது எலும்புகள் ஏறத்தாழ அந்த அளவுக்குத் தட்டுப்பட்டால் உடல்வாகு சரியாக இருக்கிறது. அதே கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவும்போது எலும்பு எப்படிச் சதைக்குள் மறைந்து கிடக்கிறதோ அப்படி இருந்தால் எடை கூடிவிட்டது. மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னே இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது அடிவயிறு பின்னங்கால்களை நோக்கி மேலேறிச் செல்ல வேண்டும்.

மருத்துவர்கள் இதையே 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணாகக் குறிக்கிறார்கள். 4 அல்லது 5 என்பது சரியான நிலை. 5-க்கு மேல் ஏறும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதல் எடை என்று கொள்ளலாம். "கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால்தானே அழகு" என்று சொல்பவர்களுக்கு, 48 லாப்ரடார் நாய்களை அவற்றின் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வே பதில் சொல்லும். ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குத் தந்ததைவிட 25 விழுக்காடு குறைவான உணவை மற்றொன்றுக்குத் தந்தார்கள். குறைவாக உண்டவை ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானம் போன்ற நோய்களுக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதிகம் உண்ட நாய்கள் நடக்கவே முடியாத அளவுக்குப் பெருத்தவை அல்ல. பலருடைய வீட்டில் "சற்றுப் புஷ்டியான நாய்" என்று கொஞ்சப்படும் அளவில் இருந்தவைதான்.

எடை கூடியதெல்லாம் தீனியால்தான் என்று முடிவுகட்டி, பரிசோதனை இல்லாமல் உணவுக் குறைப்பில் இறங்குவதும் தவறு. தைராய்டு சுரப்புக் குறைவால் நாய் மந்தமாகும், முடி உதிரும், எடை ஏறும். கார்டிசால் என்னும் ஹார்மோன் மிகுதியாகும் குஷிங் நோயில் வயிறு பானைபோல் தொங்கும், தாகமும் சிறுநீரும் அதிகரிக்கும். ஒவ்வாமைக்குத் தரப்படும் பிரெட்னிசோலோன், வலிப்புக்குத் தரப்படும் ஃபீனோபார்பிட்டால் ஆகியவை பசியைக் கிளப்பிவிடும். இவற்றை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது பேராபத்து. இப்படிப்பட்ட காரணங்கள் உள்ள நாய்கள் குறைவுதான் என்றாலும், ஓர் இரத்தப் பரிசோதனையில் தெளிவாகக்கூடிய விஷயத்துக்காக மாதக்கணக்கில் நாயைக் காயப்போட வேண்டியதில்லை. கருத்தடை அறுவை நோயல்ல; ஆனால் அதன் பிறகு உடலின் ஆற்றல் தேவை 20 முதல் 30 விழுக்காடு வரை குறையக்கூடும், பசியும் கூடக்கூடும். அறுவைக்கு முன் போட்ட அளவையே தொடர்ந்து போடுவதால் பருத்துப்போகும் நாய்கள் ஏராளம்.

எந்த எடைக்கு உணவு போடுகிறோம்?

உணவுப் பையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அட்டவணையில் நாயின் இப்போதைய எடையைத் தேடி, அதற்கு நேரே உள்ள அளவைப் போடுவது மிகப் பரவலான தவறு. 38 கிலோ நாய்க்கு 38 கிலோவுக்கான உணவைக் கொடுத்தால் அது 38 கிலோவாகவே நீடிக்கும். அந்த அட்டவணைகள் சராசரியாக ஓடியாடும், எடை குறைக்கத் தேவையில்லாத நாயை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கருத்தடை செய்யப்பட்டு, நாளின் பெரும்பகுதியை உறங்கிக் கழிக்கும் வீட்டு நாய்க்கு அவை பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும்.

கணக்கு இலக்கு எடையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த 38 கிலோ நாயின் மதிப்பெண் 8 என்றால், அது இருக்க வேண்டிய எடை ஏறத்தாழ 30 கிலோ. ஓய்வு நிலையில் உடல் இயங்கத் தேவையான ஆற்றலைக் காண மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தைச் சாதாரணக் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம்: 30-ஐ மூன்று முறை பெருக்கினால் 27,000, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, வந்த விடைக்கு மறுபடியும் வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 12.8, அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 900 கலோரி. எடை குறைப்பைத் தொடங்க ஒரு நாளைக்கு இதுவே மொத்த அளவு. இதில் தின்பண்டத்துக்கு 10 விழுக்காட்டை, அதாவது 90 கலோரியை ஒதுக்கினால், உணவுக்கு எஞ்சுவது 810. பையில் 100 கிராமுக்கு 360 கலோரி என்று போட்டிருந்தால் நாள் முழுவதற்கும் 225 கிராம் உலர் உணவு. இது தொடக்கப் புள்ளிதான். ஒரே எடையுள்ள இரண்டு நாய்களின் உண்மைத் தேவை கணிசமாக வேறுபடும் என்பதால், பின்னர் தராசு காட்டுவதை வைத்து மருத்துவர் இதைக் கூட்டியோ குறைத்தோ தருவார்.

225 கிராம் என்று கண்டுபிடித்துவிட்டு அதை டம்ளராலோ பையுடன் வந்த பிளாஸ்டிக் கோப்பையாலோ அளந்தால் போட்ட கணக்கெல்லாம் வீண். கோப்பையைத் தலைதட்டி நிரப்புவது ஒருவர், கோபுரமாகக் குவிப்பது இன்னொருவர். உணவின் வடிவம் மாறினால் அதே கோப்பையில் கொள்ளும் எடையும் மாறும். நாய் சிறியதாக இருந்தால் இந்த வேறுபாடே எடை குறையாமல் தடுத்துவிடும். கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று போதும். காலையிலேயே அன்றைய பங்கு முழுவதையும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, இரண்டு மூன்று வேளையாக அதிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம். நாயைப் பழக்கும்போது பரிசாகத் தரும் சிறு துண்டுகளும் அதே டப்பாவிலிருந்து வரட்டும். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. "நான் போடவில்லை, நீ போட்டாயா" என்ற குழப்பமும் வீட்டில் எழாது.

கணக்கில் சேராத கடிகள்

உணவை அளப்பவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் இதுதான். மருந்து மாத்திரையைப் பொதிந்து தரும் சீஸ், பல் சுத்தத்துக்கென்று வாங்கிய மெல்லும் குச்சி, உண்ணும்போது மேசையடியில் நழுவும் ஒரு துண்டு, வீட்டுக்கு வரும் விருந்தினர் அன்பாக நீட்டும் பிஸ்கட் ஆகிய எவற்றையும் யாரும் உணவு என்று நினைப்பதில்லை. 5 கிலோ இலக்கு எடை கொண்ட ஒரு சிறிய நாய்க்கு மேற்சொன்ன கணக்கின்படி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 235 கலோரிதான் தேவை. 20 கிராம் சீஸ் ஒன்றே ஏறத்தாழ 80 கலோரி. அந்த நாயின் நாள் உணவில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுகிறது. ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயும் அதே கதைதான். அதில் சைலிட்டால் என்னும் இனிப்பு சேர்ந்திருந்தால் எடைப் பேச்சையே விடுங்கள், அது நாயின் உயிருக்கே ஆபத்து.

தின்பண்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படி நிறுத்தும் வீடுகளில் முதல் வாரத்திலேயே யாரோ ஒருவர் மனமிளகி, மற்றவருக்குத் தெரியாமல் கொடுக்கத் தொடங்கிவிடுவார். அதன்பின் அளப்பவருக்கும் எடை ஏன் குறையவில்லை என்பது விளங்காது. நாய்க்கு வேண்டியது பண்டத்தின் அளவு அல்ல, அது தரப்படும் தருணம். பட்டாணி அளவுத் துண்டையும் அது அதே வாலாட்டலுடன்தான் வாங்கிக்கொள்ளும். வெள்ளரித் துண்டு, உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், கேரட் ஆகியவை நல்ல மாற்று. ஆனால் திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால், காய்கனி என்றாலே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டில் இன்னொரு நாயோ பூனையோ இருந்தால் தனித்தனி அறையில் உணவிட்டு, உண்டு முடித்ததும் தட்டை எடுத்துவிட வேண்டும். பூனை மிச்சம் வைக்கும் கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவு குண்டு நாயின் கண்ணில் படாமல் இருப்பது அரிது.

இதற்கு நேரெதிர்த் திசையில் போவோரும் உண்டு. அவசரப்பட்டு, வழக்கமாகப் போடும் அதே உணவைப் பாதியாக வெட்டிவிடுவார்கள். கலோரி குறையும்போது அதனுடன் புரதம், வைட்டமின், தாது உப்பு எல்லாமும் பாதியாகிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கொழுப்புடன் தசையும் கரையும்; தசை கரைந்தால் உடலின் ஆற்றல் செலவும் குறைந்து, பிறகு எடையைக் குறைப்பது இன்னும் கடினமாகும். வழக்கமான உணவைச் சிறிதளவு குறைத்தாலே போதும் என்ற நிலையில் அதையே தொடரலாம். கணிசமாகக் குறைக்க வேண்டியிருந்தால், எடைக் குறைப்புக்கென்றே புரதமும் நார்ச்சத்தும் கூட்டி, ஊட்டச்சத்துகளைச் செறிவாகச் சேர்த்துத் தயாரித்த உணவுக்கு மாறுவதே சரி. ஒரு வாரம் போலப் பழைய உணவுடன் கலந்து படிப்படியாக மாற்றினால் வயிறு கெடாது. பட்டினி போடுவது, மனிதர்களுக்கான எடைக் குறைப்பு மாத்திரைகளைக் கொடுப்பது ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது.

நடையின் மேல் வைக்கும் நம்பிக்கை

நாய் நடக்கும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரிதான் செலவாகிறது. அந்த 38 கிலோ நாயை 3 கிலோமீட்டர் நடத்திக் கூட்டிவந்தால் செலவாவது ஏறத்தாழ 115 கலோரி. அதாவது 32 கிராம் உலர் உணவு. திரும்பி வந்ததும் "பாவம், களைத்துவிட்டது" என்று ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டால் நடந்ததெல்லாம் அங்கேயே ஈடாகிவிடும். நடை வேண்டாம் என்பதல்ல. தசையைக் காக்க, மூட்டை இயக்கத்தில் வைக்க, நாயின் மனம் உற்சாகமாக இருக்க நடை அவசியம். ஆனால் எடையைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதி தட்டில்தான் நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பல மாதம் அசையாமல் கிடந்த கனத்த நாயை முதல் நாளே ஓட வைப்பது, பந்தை எறிந்து துள்ள வைப்பது போன்றவை முழங்கால் தசைநாரை அறுத்துவிடக்கூடும். வெயில் நேரத்தில் நடத்துவது, அதிலும் பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை நடத்துவது வெப்பத்தாக்குதலில் போய் முடியலாம். பத்து நிமிட மெதுநடையில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டுவது போதும். ஏற்கெனவே நொண்டும் நாய் என்றால் முதலில் உணவைச் சரிசெய்யுங்கள். உடல் எடையில் 6 முதல் 9 விழுக்காடு குறைந்தாலே நொண்டல் கண்கூடாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன, அதன்பின் நடப்பதும் தானாக எளிதாகும்.

நாய் தட்டை நக்கிவிட்டு முகத்தைப் பார்ப்பதையெல்லாம் பசி என்று எடுத்துக்கொள்வது பலரின் மன உறுதியைக் குலைக்கும் தவறு. பல வேளைகளில் அது கேட்பது கவனத்தை. கேட்டபோதெல்லாம் உணவு கிடைத்ததால், உணவைக் கேட்பதாகவே பழகியிருக்கிறது. சில நாய்களுக்கு உண்மையிலேயே பசி அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பசியடங்குவதை உணர்த்தும் பிஓஎம்சி என்னும் மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருப்பது லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் காணப்படுவதை 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அத்தகைய நாயைப் பேராசைக்காரன் என்று திட்டுவதில் பொருளில்லை. அதே அளவு உணவை உருட்டி உருட்டி எடுக்கும் விளையாட்டுப் பந்தில் போட்டுக் கொடுத்தால், இரண்டு நிமிடத்தில் முடியும் வேளை இருபது நிமிடத்துக்கு நீளும்.

எடை போடுவதிலும் இரண்டு விதமான தவறுகள் நேர்கின்றன. தினமும் போட்டுப் பார்த்து, தண்ணீராலும் மலத்தாலும் ஏறி இறங்கும் எண்ணைக் கண்டு மனம் தளர்வது ஒன்று. மூன்று மாதம் பார்க்காமலே இருப்பது இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே தராசில், உணவுக்கு முன்பு போட்டுக் குறித்துவைத்தால் போதும். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடு வரை குறைவது பாதுகாப்பான வேகம். நடைமுறையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பல நாய்கள் குறைகின்றன, அதுவும் நல்ல முன்னேற்றமே. 38 கிலோ நாய் 8 கிலோ இழக்க ஐந்தாறு மாதமாவது ஆகும் என்று தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டவர்கள் இடையில் கைவிடுவதில்லை. ஒரு மாதமாக எண் நகரவில்லையென்றால், முதலில் வீட்டில் யாராவது ஒளித்துக் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், மருத்துவரைக் கேட்டு 5 முதல் 10 விழுக்காடு உணவைக் குறைக்கலாம்.

இலக்கு எடையைத் தொட்டதும் பழைய அளவுக்குத் திரும்புவது கடைசித் தவறு. இத்தனை மாத உழைப்பையும் அழிப்பது அதுவே. எடை குறைந்த நாய்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ பாதி நாய்கள் மீண்டும் எடை ஏறின. இளைத்த உடலின் தேவை முன்னைவிடக் குறைவு. எடைக் குறைப்பின் இறுதிக் கட்டத்தில் தந்த அளவைவிட 10 விழுக்காடு மட்டும் கூட்டி, இரண்டு வாரம் கழித்து எடை போட்டு, எண் நிலைத்து நின்றால் அதையே நிரந்தர அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை எடை பார்த்து, 30 கிலோ நாய் 31.5 கிலோவைத் தொடும்போதே மறுபடியும் டப்பாவில் போடும் கிராமைக் குறைத்துவிட்டால், திரும்பவும் எட்டுக் கிலோவோடு போராட வேண்டியிருக்காது.