தோசைக்கல்லில் பார்லி ரொட்டி: ஆர்க்னி பேனக்

பார்லி என்றாலே நமக்கு நீர்க்கடுப்புக்குக் காய்ச்சும் கஞ்சித் தண்ணீர்தான் ஞாபகம் வரும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னி தீவுகளில் அதைத் தட்டி, கல்லில் போட்டு ரொட்டியாகச் சாப்பிடுகிறார்கள். அங்கே விளையும் பழைய ரக பார்லியின் பேரே ‘பேர்’தான்! கோடை குறுகிய ஊர். விதைத்துச் சுமார் 90 நாளில் அறுத்துவிடலாம் என்பதால் அது அங்கே நிலைத்துவிட்டது. அங்கே பிர்சே என்ற ஊரில் 1873-ல் கட்டிய பாரனி மில் இன்றும் தண்ணீர் விசையில்தான் அந்த மாவை அரைக்கிறது. அந்த ரொட்டிக்குப் பெயர் பேனக்.

ஈஸ்ட் வேண்டாம், ஓவன் வேண்டாம். தோசைக்கல் போதும்.

தேவையானவை: பார்லி மாவு 150 கிராம், மைதா 75 கிராம், ஆப்பசோடா முக்கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், நன்றாகப் புளித்த கெட்டி மோர் சுமார் 200 மில்லி.

1. பாரனி மில்லில் தானியத்தை அரைக்கும் முன் உமியை எரித்து அந்தச் சூட்டில் உலர்த்துவார்கள். லேசான புகை வாசம் அதில் வருவதுதான். நாம் கடையில் வாங்கும் பார்லி அரிசியை வெறும் வாணலியில் மிதமான தீயில் வறுத்தால் அதில் கொஞ்சமாவது கிடைக்கும். வாசம் எழுந்ததும் இறக்கி, முழுக்க ஆறவிட்டு, மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள்.

2. மாவு இரண்டையும் உப்போடு கலக்கவும். ஆப்பசோடாவை உள்ளங்கையில் கட்டியில்லாமல் நசுக்கிப் போடுங்கள். கட்டி இருந்தால் அந்த இடம் மட்டும் கசக்கும்.

3. அடுப்பில் கல்லை முதலில் வைத்துவிட்டு, பிறகு மோரை ஊற்றுங்கள். மோரின் புளிப்பு பட்டதுமே சோடா பொங்க ஆரம்பித்துவிடும், ஆறப்போடக் கூடாது. முதல் தடவை நான் சப்பாத்தி மாவு மாதிரி பத்து நிமிடம் அடித்துப் பிசைந்தேன். வந்தது ரொட்டி இல்லை, அம்மிக்கல். கோதுமை போல இழுபடும் பசை பார்லிக்கு இல்லை. பிசையப் பிசைய உள்ளே இருக்கும் காற்றுதான் போகும். கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று, அவ்வளவே. கையில் ஒட்டும் பதம்தான் சரி.

4. பலகையில் பார்லி மாவைத் தாராளமாகத் தூவி, கலவையைக் கொட்டி, மேலேயும் தூவி, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டவும். ஓரம் வெடித்தால் வெடிக்கட்டும்.

5. கல்லில் எண்ணெய் தடவ வேண்டாம். ஒரு சிட்டிகை மாவு போட்டுப் பாருங்கள்: மெதுவாகச் சிவந்தால் சூடு சரி, உடனே கருகினால் தீயைக் குறையுங்கள். பக்கத்துக்கு ஆறேழு நிமிடம், சிறு தீ. ஓரத்தை விரலால் அழுத்தினால் ஈரமாக இல்லாமல் எழும்பி வர வேண்டும்.

6. இறக்கியதும் துணியில் சுற்றிவிடுங்கள். மேல்தோல் மெத்தென்று ஆகும்.

பார்லியில் நிறைய இருப்பது பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். மணியின் உள்ளே வரை பரவியிருப்பதால், தவிடு தீட்டிய பார்லி அரிசியிலும் போய்விடாது. ஆனால் குளூட்டன் என்ற தானியப் புரதம் ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது. மைதாவை விட்டாலும் பார்லியிலேயே அது உண்டு.

ஆர்க்னிக்காரர்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சாப்பிடுவார்கள். மிச்சமானால் மறுநாள் விறைத்துவிடும். குறுக்கே பிளந்து, வெட்டிய பக்கத்தை அதே கல்லில் வெண்ணெய் விட்டு வாட்டுங்கள். எனக்கு முதல் நாளைவிட அதுதான் பிடிக்கும்.