வகுப்பைப் பார்த்தவர் சொல்வதைப் பயன்படுத்திக்கொள்வது எப்படி? பி.எட். பயிற்சி மாணவர்களுக்கு

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள், பாடக்குறிப்பு எழுதவும், துணைக்கருவிகள் செய்யவும், பதிவேடுகளை முடித்துக் கையொப்பம் வாங்கவும் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். ஆனால், தாம் நடத்திய வகுப்பைப் பார்த்தவர் என்ன சொன்னார் என்பதை உட்கார்ந்து யோசிக்கக் கால்மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. வழிகாட்டி ஆசிரியர் பாடக்குறிப்பின் அடியில் ‘நன்று’ என்றோ ‘குரல் போதவில்லை’ என்றோ எழுதிக் கையொப்பமிட்டதும், மாணவர் அடுத்த பாடக்குறிப்புக்குப் போய்விடுகிறார்.

நுண்ணிலைக் கற்பித்தலின், அதாவது ஒரு கற்பித்தல் திறனை மட்டும் சிறு குழுவிடம் சில நிமிடங்கள் பயிலும் முறையின், நேரப் பங்கீட்டை நினைத்துப் பாருங்கள். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான அம்முறைக்கு தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) வகுத்த இந்திய வடிவத்தில், கற்பித்தலுக்கு 6 நிமிடம், பின்னூட்டத்துக்கு 6, மறுதிட்டமிடலுக்கு 12, மறுகற்பித்தலுக்கு 6, மறுபின்னூட்டத்துக்கு 6 என மொத்தம் 36 நிமிடங்கள் வரும். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்யும் பலர், கற்பித்தலைவிட இரு மடங்கு நேரம் மறுதிட்டமிடலுக்குத் தரப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். பள்ளியில் அதை நமக்காக யாரும் கால அட்டவணையில் சேர்த்துத் தரப்போவதில்லை. நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கருத்துக் கேட்கும் வேலை வகுப்புக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். பாடம் முடிந்தபின் “என் வகுப்பு எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்தது” என்ற பதில்தான் கிடைக்கும். அது பெரும்பாலும் இரக்கத்தில் சொல்லப்படுவது. அதற்குப் பதிலாக, “நான் ஒரு வினாவைக் கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்பதை மட்டும் இன்று பாருங்கள்” என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், பார்ப்பவருக்கும் வேலை எளிதாகிறது, நமக்கும் கையில் பிடிக்கத்தக்க ஒன்று கிடைக்கிறது. இந்த எடுத்துக்காட்டை வேண்டுமென்றே சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் வினா கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவுக்கே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று விநாடியாக நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீண்டும் தெளிந்தும் வருகின்றன என்பதையும் 1970களிலேயே எடுத்துக்காட்டினார். நாம் காத்திருக்காமல் விடுவதை நாமே உணர்வது கடினம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கோ அது தெளிவாகத் தெரியும்.

சக பயிற்சி மாணவர் உங்கள் வகுப்பைப் பார்க்க வந்தால், வகுப்பின் இருக்கை அமைப்பை ஒரு தாளில் கட்டங்களாக வரைந்து கொடுத்து, நீங்கள் யாரிடம் வினா கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நீங்கள் ‘புரிந்ததா?’ என்று கேட்கும்போதெல்லாம் தாளின் ஓரத்தில் இன்னொரு கோடு போடட்டும். முன்வரிசையில் கோடுகள் குவிந்து, சன்னலோரக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும் தாளைப் பார்த்தபின் வாதத்துக்கு இடமிருக்காது. நண்பர்கள் ஒருவரை ஒருவர் புகழ்ந்து எழுதிக்கொள்ளும் வழக்கத்துக்கும் இது நல்ல மாற்று.

வழிகாட்டி ஆசிரியர் பேசும்போது உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். “நேரம் போதவில்லை சார்”, “இந்தப் பிரிவு பிள்ளைகள் அப்படித்தான் மேடம்” என்பவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை வாயிலிருந்து வந்த கணத்தில் எதிரில் இருப்பவர் பேச்சைச் சுருக்கிவிடுவார். மடமடவென்று “சரி மேடம், சரி மேடம்” என்று தலையாட்டுவதும், என் கருத்தில், கேளாமையின் பணிவான வடிவமே. குறிப்பேட்டில் அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள்; பின்பு உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்று கேளுங்கள். கருத்து பொதுவாக இருந்தால், வகுப்பில் நடந்த ஒரு நிகழ்வுக்கு அதை இறக்கிக் கொண்டுவரும் வினாவைக் கேளுங்கள். ‘குரல் போதவில்லை’ என்றால் எந்த வரிசை வரை கேட்டது, எழுதும்போதா விளக்கும்போதா என்று கேட்டால், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசியதுதான் காரணம் என்பது தெரியவரலாம். அப்போது திருத்த வேண்டியது குரலை அன்று, நிற்கும் திசையை.

நிகழ்வுக்கு இறக்குவதற்கு வலுவான காரணம் உண்டு. 1996இல் க்ளூகர், டினிசி என்ற இரு உளவியலாளர்கள் பின்னூட்டம் குறித்த பழைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, 600க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவற்றில், பின்னூட்டம் பெற்றபின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் செய்யும் வேலையிலிருந்து விலகி ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதை நோக்கித் திரும்பும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘நீ பிறவி ஆசிரியர்’ என்ற புகழ்ச்சியும் ‘உனக்கு இந்தத் தொழில் ஒத்துவராது’ என்ற இகழ்ச்சியும் அந்த வகையில் ஒரே இனம். இரண்டிலும் நாளைய வகுப்புக்கு எடுத்துச்செல்ல எதுவும் இல்லை.

ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களின் கூட்டல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டதும், ஒருவர் 2/5 என்கிறார், “தவறு, அடுத்து யார்?” என்கிறீர்கள், இன்னும் இருவர் அதையே சொல்ல, நான்காமவர் 5/6 என்றதும் “மிகச் சரி” என்று பாராட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறீர்கள். பார்த்தவர் எழுதுகிறார்: ‘மூன்று பேர் 2/5 என்றனர். ஏன் என்று கேட்கவில்லை.’ முதலில் இது சுருக்கென்று தைக்கும்; சரியான விடையைப் பாராட்டி ஊக்கும் ‘வலுவூட்டும் திறனை’ச் சரியாகச் செய்துவிட்ட நிறைவில் நீங்கள் இருந்திருப்பீர்கள். ஆனால், தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிய அந்த மூவரும் ஒரே வழியில் யோசித்திருக்கிறார்கள் என்பதையும், அந்த விடை 1/2ஐ விடச் சிறியது என்று காட்டியிருந்தால் அவர்களே திடுக்கிட்டிருப்பார்கள் என்பதையும் அந்த இரு வரிகள் சொல்லிவிடுகின்றன.

அன்று மாலையே இதை எழுதிவைக்க வேண்டும். வார இறுதியில் நினைவிலிருந்து எழுதப்படும் குறிப்பில் நம் தரப்பு நியாயங்களே மிஞ்சும். என்ன திட்டமிட்டேன், மாணவர் உண்மையில் என்ன சொன்னார் அல்லது செய்தார், மறுமுறை எந்த வாக்கியத்தை அல்லது எந்தச் செயலை மாற்றுவேன் என்ற மூன்றும் அரைப்பக்கத்தில் அடங்கும். ‘மாணவரை நன்கு ஈடுபடுத்துவேன்’ என்பது மாற்றம் ஆகாது. ‘தவறான விடை வந்தால், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பேன்’ என்பது மாற்றம்.

கல்லூரிப் பேராசிரியர் பாடக்குறிப்பின் படிநிலைகள் விடுபட்டன என்பார். பள்ளி ஆசிரியர் பாடப்பகுதி முடியவில்லை என்பார். இருவருக்கும் இடையில் சிக்கும்போது, முடிவுகளை ஒப்பிடாமல் இருவரும் எதைக் கண்டு அப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள். தொடக்கத்துக்கே பதினைந்து நிமிடம் போயிற்று என்ற ஒரே நிகழ்வு இரண்டுக்கும் காரணமாக இருக்கக்கூடும். மாணவர் முன்னிலையில் கடிந்துகொள்பவரிடம், ஓய்வறையில் விரிவாகக் கேட்டுக்கொள்கிறேன் என்று பணிவோடு சொல்வதில் தவறில்லை. உடை, ஊர், பேச்சுவழக்கு பற்றிய சொற்களைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டிய கடமையும் இல்லை.

எழுதிய மாற்றத்தை, முடிந்தால், அதே வாரத்தில் இன்னொரு பிரிவில் அதே பாடத்தில் செய்துபாருங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். செய்தபின், முதலில் குறை சொன்னவரையே அழைத்து, அந்த ஒன்றை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தாம் சொன்னது வீண்போகவில்லை என்று கண்டவர் அடுத்த முறை ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லோடு கையொப்பமிட மாட்டார்.