பழைய சரக்கு டிரெய்லரைக் கேம்ப்பராக மாற்றுகிறீர்களா? முதலில் வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய சரக்கு டிரெய்லரை வாங்கி, தங்கிப் பயணிக்கும் கேம்ப்பராக மாற்றுபவர்கள் பலரும் முதல் நாளே கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்று படம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் நாமக்கல்காரன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவன். சேஸிஸைப் பார்த்த பிறகுதான் மரவேலை என்பது அங்கே படிந்த பழக்கம். டெக்சாஸில் என் 6க்கு 12 அடி டிரெய்லரை மாற்றியபோதும் அதே வரிசையில்தான் போனேன்.

வாங்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் கொண்டு போங்கள். அடியில் படுத்து, சக்கரத்தை ஒட்டியும் பின்கதவு ஓரத்திலும் தரைப் பிளைவுட்டைக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் மரம் இற்றுப்போயிருக்கிறது. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய டயரை மாற்றிவிடுங்கள். ஜாக்கி வைத்து சக்கரத்தைச் சுற்றினால் பேரிங் கரகரப்பது காதுக்கே தெரியும். வண்டியில் பொறித்துள்ள வின் எண்ணும் (VIN, வண்டியின் அடையாள எண்) உரிமைப் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றாக இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் ஒழுகல். உச்சி வெயிலில் உள்ளே நின்றுகொண்டு, கூட வந்தவரை வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்லுங்கள். இருட்டு கண்ணுக்குப் பழகியதும் கூரை மூலையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் வந்தாலும் தெரிந்துவிடும். அந்த இடத்துக்கு சிலிகான் பூசாதீர்கள். பிறகு அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆர்வி (RV, வீடுபோல் தங்கும் வண்டி) கூரைக்கென்றே விற்கும் சீலன்ட் போடுங்கள்.

இனி எடை. இந்த அளவு ஒற்றை ஆக்ஸில் வண்டிகளில் பெரும்பாலும் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு என்று ஒட்டியிருக்கும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தொட்டால் பிரேக் கட்டாயம் என்பதால் வந்த எண் அது. வெறும் வண்டியே 1,200, 1,400 பவுண்டு வரை போகும். மீதியில்தான் கட்டில், பேட்டரி, தண்ணீர், சமையல் சாமான் எல்லாம் அடங்க வேண்டும். முக்கால் அங்குல பிளைவுட் ஒரு ஷீட்டே 60 பவுண்டுக்கு மேல் வரும். 20 கேலன் தண்ணீர் சுமார் 167 பவுண்டு. அதனால் அலமாரிக்கு அரை அங்குலமே தாராளம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரெய்லரை இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டும், அது உயிருக்கே ஆபத்து. பேட்டரியையும் தண்ணீர்த் தொட்டியையும் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் வைத்துவிட்டு, லாரிகள் எடை போடும் CAT ஸ்கேலில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

பலர் யோசிக்காத விஷயம் கதவு. சரக்கு டிரெய்லரின் கம்பிப் பூட்டு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். உள்ளே ஆள் தூங்கும்போது யாராவது கம்பியைத் தள்ளிவிட்டால் அவ்வளவுதான். உள்ளிருந்து திறக்கும் ஆர்வி பூட்டை பக்கக் கதவில் போடாமல் ஒரு ராத்திரிகூட அதில் படுக்க வேண்டாம். ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு ஒரு ஜன்னலும் இருக்கட்டும்.

காற்றுக்கு கூரை ஃபேன். 14 அங்குலச் சதுரத் துளை வேண்டும். தகரத்தை வெட்டவே பயமாக இருக்கும், நிதானமாகச் செய்தால் ஒன்றும் ஆகாது. உள்ளிருந்து குறுக்குச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் சதுரம் வரையுங்கள். நான்கு மூலையிலும் உள்ளிருந்தே துளை போட்டால் மேலே ஏறும்போது அளவு தானாகத் தெரியும். மேலிருந்து ஜிக்சாவில் அறுத்து, விளிம்பை அரத்தால் தேய்த்து, உலோகத் தூளை உடனே பெருக்கிவிடுங்கள். ஸ்க்ரூ பிடிக்க வெறும் தகரம் போதாது, உள்பக்கம் மரச் சட்டம் கொடுங்கள். ஃபேனின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் பசை நாடா), மேலே ஒவ்வொரு ஸ்க்ரூ தலையையும் மூடும்படி சீலன்ட். இரண்டு பேர் மூடிய பெட்டிக்குள் தூங்கினால் மூச்சிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த இரும்பில் நீராகப் படியும். ஆகவே சுவர்ச் சட்டங்களுக்கு இடையில் மட்டும் குளிர் தடுக்கும் ஃபோம் வைத்தால் போதாது, சட்டத்தின் மேலும் ஒரு மெல்லிய பட்டை ஒட்டிவிட்டுத்தான் பலகை அடிக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று, 1,280 வாட் மணி தரும். ஃபேன், விளக்கு, 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரு நாளுக்கு மேல் ஓடும். ஏசிக்கு இது காணாது. ஆகஸ்ட் மாதத்து டெக்சாஸில் கரண்ட் தரும் முகாமில்தான் தங்க வேண்டியிருக்கும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வையுங்கள், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள்.

கடுகு தாளிக்கும் குடும்பத்துக்கு அடுப்பு வெளியேதான். கேஸை உள்ளே கொளுத்தினால் நச்சுப்புகை ஒருபக்கம், மெத்தையில் ஏறும் எண்ணெய் நெடி மறுபக்கம். கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்படியும் வேண்டும்.

சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் ஓட்டத்தில் 10, 25, 50 மைலில் நிறுத்தி டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டுகளைச் சரிபாருங்கள். பேரிங் கிரீஸுக்கு 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. அதே நாளில் ஏணி போட்டுக் கூரை சீலன்ட்டையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.