பழைய ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவில்லையா? கேஸைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

பல ஆண்டுகள் உழைத்த ஃப்ரிட்ஜில் குளிர்ச்சி குறைந்ததும் பெரும்பாலோர் முதலில் சொல்வது 'கேஸ் போய்விட்டது' என்பதுதான். ஆனால், கேஸ் என்பது பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும் அது, எங்கேனும் கசிந்தாலொழியக் குறையாது. ஆகவே அந்தச் சந்தேகத்தைக் கடைசிக்குத் தள்ளிவைப்போம்.

முதலில் அளந்து பாருங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு, நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்திருங்கள். கதவைத் திறந்தவுடன் காற்றின் வெப்பம் மாறிவிடும், தண்ணீர் அவ்வளவு விரைவில் மாறாது. காலையில் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டினால் கோளாறு உண்மைதான். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் குமிழ் பாத்திரம் இடித்துத் திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான மாடல்களில் எண் கூடினால் குளிர்ச்சியும் கூடும்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்புறமோ அடியிலோ உள்ள கறுப்புக் காயிலில் படிந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். உள்ளிருந்து உறிஞ்சிய வெப்பம் வெளியேறும் வழி அதுதான். சில ஃப்ரிட்ஜ்களில் காயில் பக்கச் சுவருக்குள் மறைந்திருக்கும். அவற்றின் பக்கங்கள் சூடாவது இயல்பே. எந்த வகையாக இருந்தாலும், சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டத்திற்கு இடைவெளி விடுங்கள்.

கதவின் ரப்பர் காஸ்கெட்டைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். அதைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்கும்போது தடையின்றி உருவிக்கொண்டு வந்தால், அந்த இடத்தில் காற்று புகுகிறது என்று பொருள். அழுக்காக இருந்தால் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கதவோரத்து சுவிட்சை அழுத்தி, உள்விளக்கு அணைகிறதா என்றும் பாருங்கள்.

ஃப்ரீசர் நன்றாகக் குளிர்ந்து கீழ்ப்பகுதி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கேஸைச் சந்தேகிக்க அவசரப்பட வேண்டாம். குளிர்க்காற்று கீழே இறங்காததே பெரும்பாலும் காரணம். ஐஸ் தானாகக் கரையாத பழைய ஒற்றைக்கதவு வகையில், ஐஸ் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்துவிட்டால் அது போர்வையைப் போலக் குளிரைத் தடுக்கும். பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்துவைத்துத் தானாகக் கரைய விடுங்கள். கத்தியால் குத்தினால் மெல்லிய அலுமினியத் தகடு ஓட்டையாகி, அன்றுதான் உண்மையிலேயே கேஸ் போகும்!

தானாக ஐஸ் கரையும் வகையில், முதலில் கதவு சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃப்ரீசருக்குள் மின்விசிறியின் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். விசிறி சுற்றியும் காற்று வரவில்லையெனில், பின்பலகைக்குப் பின்னால் ஐஸ் அடைத்திருக்கக்கூடும். பொருள்களை அகற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நாள் முழுவதும் கதவைத் திறந்துவையுங்கள். அதன்பின் நன்றாக ஓடி, சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ பழைய நிலைக்கே திரும்பினால், ஐஸைக் கரைக்கும் ஹீட்டர், அதன் சென்சார், டைமர் ஆகியவற்றுள் ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்பு மிகுதி. காசு செலவில்லாத இந்தச் சோதனையையே நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன்.

இனி, கேஸை அழுத்திக் குழாய்களில் சுற்றவைக்கும் கம்ப்ரசர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்ற ஓசையும் சிறு உறுமலும் கேட்டு அது ஓடாமல் நின்றால், மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம், அதைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் ரிலே போயிருக்கலாம், கம்ப்ரசரே பழுதாகியும் இருக்கலாம். ரிலே விலை குறைந்த பாகம் என்பதால், கம்ப்ரசரை மாற்றச் சொல்பவரிடம் அதைச் சோதித்தாயிற்றா என்று கேளுங்கள். ஃப்ரிட்ஜை அணைத்தால், குழாய்களின் அழுத்தம் சமநிலைக்கு வர ஐந்து நிமிடமாவது விட்டு மறுபடி போடுங்கள்.

கம்ப்ரசர் ஓயாமல் ஓடியும், குளிர்விக்கும் குழாயில் ஒரு மூலையில் மட்டும் உறைபனி படிந்திருந்தால், அப்போதுதான் கேஸ் கசிவை ஐயுற வேண்டும். இதில் நீங்கள் கைவைக்காதீர்கள். பல ஃப்ரிட்ஜ்களில் உள்ள ஆர்600ஏ எனும் ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது. மெக்கானிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, குழாய்களை வெற்றிடமாக்கி, கேஸை எடை பார்த்து நிரப்ப வேண்டும். சுவரின் நுரைக்குள் புதைந்த குழாயில் கசிவு என்றால், பழைய ஃப்ரிட்ஜுக்கு அதற்குமேல் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.